உன் போட்டோ வந்துகிட்டே இருந்துச்சு

ஏழு மிஸ்டு கால். காலை ஆறேகாலுக்கு எழுந்து, தாம்பரத்து வீட்டு ஹாலில் இருக்கும் வைஃபை ரவுட்டரின் சுவிட்சைப் போட்டுவிட்டு, பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் போனைக் கையில் எடுத்தால் வாட்ஸ்அப்பில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுகின்றன. 2:41. 2:42. 2:44. 2:50. அப்புறம் 3:15, 3:16. கடைசியாக 4:05. எல்லாம் ஊரில் இருக்கும் அம்மா. 2024 ஐப்பசியில், ஊரில் நல்ல மழை பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில் நடந்தது இது. பால் பொங்கி அடுப்பில் வழிந்த வாசனை இன்றைக்கும் அந்த ஏழு வரிகளோடு சேர்ந்தேதான் நினைவுக்கு வருகிறது.

திருப்பிக் கூப்பிட்டபோது எடுத்தது எதிர் வீட்டு அக்கா. அம்மா இரவில் கொல்லைப்பக்கம் போயிருக்கிறாள். வெளி லைட்டைப் போடாமல், போனில் இருக்கும் டார்ச்சை அடித்துக்கொண்டு போயிருக்கிறாள். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் பாசி. வழுக்கி விழுந்து இடுப்புக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. ஐந்தரைக்குப் பால் ஊற்ற வந்த பெண், கூப்பிட்டும் யாரும் வராததால் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்து பார்த்ததால்தான் தெரிந்திருக்கிறது. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், அறுபத்தெட்டு வயதில், ஈரத் தரையில். கையில் போன் இருந்தது. அதில் சார்ஜ் இருந்தது, டவர் இருந்தது, அன்றைக்கான டேட்டாவும் இருந்தது. எதுவுமே கெட்டுப்போகவில்லை. அதுதான் என்னை விடமாட்டேன் என்கிறது.

தஞ்சாவூரில் ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள், மயக்கம் தெளிந்து கொஞ்சம் பேச ஆரம்பித்தபோது அம்மா கேட்டது இதைத்தான். கோபமெல்லாம் இல்லை. ஏதோ புரியாத விஷயத்தைக் கேட்கிற மாதிரி கேட்டாள். "ஏம்மா பாப்பா, உன் போட்டோ வந்துகிட்டே இருந்துச்சு. நீ சிரிச்சுகிட்டே பாத்துகிட்டு இருந்த. எடுக்கவே இல்லையே, அசந்து தூங்கிட்டியா?"

என் போட்டோ. அது பிச்சாவரத்தில் படகில் உட்கார்ந்திருக்கும்போது எடுத்தது. வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் திரை முழுக்க அந்த முகம்தான் வரும். இருட்டில், மழையில், தரையில் கிடந்தபடி அம்மா அந்தச் சிரித்த முகத்தை ஏழு தடவை பார்த்திருக்கிறாள். மேலே பொடி எழுத்தில் 'காலிங்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்திருக்கும். மணி அடிக்க ஆரம்பித்தால்தான் அது 'ரிங்கிங்' என்று மாறும். என் வீட்டில் அன்றைக்கு மணி அடிக்கவே இல்லை. ராத்திரி படுக்கப் போகும்போது ரவுட்டரை அணைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். போனில் மொபைல் டேட்டாவையும் அணைத்துவிடுவேன். அம்மாவின் அழைப்பு அவள் போனிலிருந்து கிளம்பி எங்கேயோ ஒரு சர்வர் வரை போய், என் போனைத் தேடிக் கிடைக்காமல் அங்கேயே நின்றிருக்கிறது. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அவளைப் பொறுத்தவரை போன் போய்விட்டது, மகள் எடுக்கவில்லை.

சாதாரணமாகக் கூப்பிட்டிருந்தால் என் தலைமாட்டில் இருந்த போன் அலறியிருக்கும். டேட்டா அணைத்திருந்தாலும் சிம்முக்கு வரும் அழைப்பு வரும். ஆனால் அம்மாவுக்குச் சாதாரணமாகக் கூப்பிடத் தெரியாது. நான் சொல்லித் தரவில்லை. அது மட்டுமில்லை, நம்பர் போடுகிற பச்சைப் படத்தை அவள் போனின் முதல் திரையிலிருந்து எடுத்துவிட்டதே நான்தான். கை பட்டு யார் யாருக்கோ கால் போகிறது என்று அவள் சொன்னதால் அதை எடுத்துவிட்டு, எங்கள் மூன்று பேரின் படத்தை மட்டும் பெரிதாக வைத்துக் கொடுத்தேன். "என் போட்டோவைத் தொடு, மேல போன் மாதிரி ஒரு படம் இருக்கும், அதைத் தொடு, அவ்ளோதாம்மா." அவ்வளவுதான் என்று நான்தான் சொன்னேன். அதனால் 108 போடவும் அவளுக்கு வழியில்லாமல் போயிற்று. வாட்ஸ்அப்பிலிருந்து 108க்குக் கூப்பிட முடியாது, அவசர உதவி எண் 112க்கும் முடியாது.

இந்த ஒரு வருடமாக இதைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். இணைய அழைப்பை வேண்டாம் என்று சொல்கிற உரிமை எங்கள் குடும்பத்துக்கு இல்லை. அதன் மூலம் எங்களுக்குக் கிடைத்தது அத்தனை. ஆனால் எதையோ தெரியாமல் கைவிட்டுவிட்டு இதைக் கையில் எடுத்திருக்கிறோம் என்ற எண்ணம் போகவே மாட்டேன் என்கிறது.

பி.பி. நம்பர்

அப்பா 1991இலிருந்து 2004 வரை அபுதாபியில் இருந்தார். எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கம். தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் போன். அதுதான் எங்கள் பி.பி. நம்பர். கல்யாணப் பத்திரிகையில்கூட அந்த நம்பரைப் போட்டு அடைப்புக்குறிக்குள் பி.பி. என்று அச்சடித்த காலம். வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு லீவு. நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர் கூப்பிட்டு, "பத்து நிமிஷத்துல திரும்பக் கூப்பிடுறேன், அவங்கள வரச் சொல்லுங்க" என்று வைத்துவிடுவார். அந்த வீட்டுப் பையன் ஓடிவந்து சொல்ல, அம்மா புடவையை மாற்றிக்கொண்டுதான் போவாள். குரலைக் கேட்பதற்குப் போகிறவள் எதற்குப் புடவை மாற்ற வேண்டும் என்று அப்போது எனக்குப் புரிந்ததில்லை.

பேச்சு இரண்டு மூன்று நிமிடம். அதில் பாதி "கேக்குதா, கேக்குதா" என்று போய்விடும். அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது புருஷனிடம் என்ன பேச முடியும்? பணம் வந்ததா, மாடு கன்று போட்டதா, பிள்ளைகள் படிக்கிறதா. மீதியெல்லாம் கேசட்டில்தான். ஊருக்கு வருகிற யாரிடமாவது அப்பா ஒரு கேசட் கொடுத்தனுப்புவார், இரண்டு பக்கமும் பேசியிருப்பார். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு கேட்பாள். பதிலுக்கு நாங்கள் பதிவு செய்து கொடுத்தனுப்புவோம். கேள்வி கேட்டால் பதில் வர இரண்டு மாதமாகும்.

அந்த அம்மா இப்போது ஷார்ஜாவில் தம்பி சமைக்கிற குழம்பில் புளி எத்தனை ஊற்றுகிறான் என்று நேரில் பார்த்துச் சொல்கிறாள். "போதும் போதும், நிறுத்து." வேலை முடிந்து வந்த களைப்பு அவன் முகத்தில் தெரிந்தால் உடனே கேட்டுவிடுகிறாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருந்தால் மறைக்க முடியாது. அப்பாவுக்கு அங்கே ஒரு தடவை மஞ்சள் காமாலை வந்து ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். அவர் ஊருக்கு வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அப்படி மறைப்பது இனி நடக்காது. இணைய அழைப்பில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் காசு மிச்சத்தைவிட இதைத்தான் முதலில் சொல்வேன்.

குரலும் அப்படித்தான். பழைய தொலைபேசி நம் குரலில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடும். பேச்சு புரிவதற்கு அது போதும் என்று வைத்த கணக்கு. அதனால்தான் போனில் எல்லார் குரலும் கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி ஒன்றுபோலவே இருக்கும். இப்போதைய செயலிகள் அனுப்புகிற குரல் அதைவிட அகலமானது. லைன் நன்றாக இருக்கிற நாளில் அம்மா மூச்சு வாங்குவது கேட்கிறது, கூடத்து ஊஞ்சலின் சங்கிலிச் சத்தம் கேட்கிறது. தாம்பரத்தில் அடுப்படியில் நின்றுகொண்டு நான் பிறந்த வீட்டு ஊஞ்சல் சத்தத்தைக் கேட்கிறேன். இதை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

ஷார்ஜாவில் பேசுவதற்கு ஒரு விலை

இலவசம் என்கிறோமே, அது எல்லா ஊரிலும் உண்மையில்லை. தம்பி 2015இல் ஷார்ஜா போனான். அமீரகத்தில் வாட்ஸ்அப் செய்தி போகும், வாய்ஸ் மெசேஜ் போகும், அழைப்பு மட்டும் போகாது. உரிமம் பெற்ற செயலிகளில்தான் பேசலாம் என்பது அங்கே சட்டம். முதலில் ஸ்கைப்பில் எப்படியோ பேசிக்கொண்டிருந்தான், 2017 கடைசியில் அதுவும் நின்றது. அப்புறம் போட்டிம் என்ற செயலி. அப்போது மாதம் 50 திர்ஹாம் பேக் போட்டால்தான் அதில் பேச முடிந்தது. அறைக்கு ஆறு பேராகத் தங்கி, மாதா மாதம் எண்ணி எண்ணி ஊருக்கு அனுப்புகிறவனுக்கு அந்த 50 பெரிய காசு. தடையைச் சுற்றிக்கொண்டு போக விபிஎன் போட்டுப் பேசுகிறவர்கள் உண்டு. தம்பி பயந்தான். தடுக்கப்பட்டதைச் செய்ய விபிஎன்னைப் பயன்படுத்தினால் ஐந்து லட்சம் திர்ஹாமிலிருந்து அபராதம் தொடங்குகிறது என்று 2016இலேயே சட்டம் திருத்தியிருந்தார்கள். யாரையும் பிடித்ததாக அவன் பார்த்ததில்லை, ஆனாலும் வேலை போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம்.

நம் ஊரிலும் இந்தப் பேச்சு வந்துதான் போனது. 2014 டிசம்பரில் ஏர்டெல் இணைய அழைப்புக்குத் தனியாகக் காசு என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே பின்வாங்கியது. அடுத்த வருடம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதைப் பற்றிக் கருத்துக் கேட்டபோது பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல் போனது, அதில் என்னுடையதும் ஒன்று. அந்த மின்னஞ்சலை நான் அனுப்பியது ஷார்ஜாவில் இருக்கிற தம்பியை நினைத்துத்தான். அங்கே பூட்டியிருக்கிற கதவு இங்கேயும் பூட்டிவிடக்கூடாது என்று நினைத்தேன். இன்றைக்கும் அதில் எனக்கு மாற்றமில்லை.

ஆனால் ஒன்று. தம்பிக்காக அம்மா போனில் போட்டிம், எனக்காக வாட்ஸ்அப், மஸ்கட்டில் இருக்கிற சித்தி மகளுக்காக ஐமோ. மூன்று பேருக்கு மூன்று செயலி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கூப்பிட முடியாது. பழைய போன் அப்படியில்லை. உலகத்தில் எந்தக் கம்பெனி இணைப்பிலிருந்தும் எந்தக் கம்பெனி இணைப்புக்கும் நம்பர் தெரிந்தால் போதும், மணி அடிக்கும். நாடுகளும் கம்பெனிகளும் உட்கார்ந்து பேசி உண்டாக்கிய ஏற்பாடு அது, எத்தனையோ வருட உழைப்பு. செயலிகளில் அது இல்லை. ஒரு கம்பெனி நினைத்தால் மூடிவிடலாம். 2003இல் தொடங்கிய ஸ்கைப்பை 2025 மே 5ஆம் தேதி மூடினார்கள். தம்பி ஷார்ஜா போய் முதன்முதலில் முகம் காட்டிப் பேசியது அதில்தான். அன்றைக்கு அம்மா திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

அந்த நாற்பது வினாடி

2021 ஜூனில் அப்பா போனார். மாரடைப்பு. தம்பி கிளம்பினால் வரலாம், ஆனால் திரும்பிப் போக முடியாது. ஏப்ரல் கடைசியிலேயே இந்தியாவிலிருந்து பயணிகள் வரக்கூடாது என்று அமீரகம் நிறுத்திவிட்டிருந்தது. எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவன் சம்பளத்தில்தான் வீட்டுக் கடன் அடைந்துகொண்டிருந்தது. "வராதடா" என்று சொன்னது அம்மாதான். சொல்லிவிட்டு அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுததை நான் பார்த்தேன்.

அதனால் போட்டிமில் காட்டினோம். நான்தான் போனைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். காலையிலிருந்து மூன்று மணி நேரம் அவன் அதில் இருந்தான், அறையில் கூட இருந்தவர்கள் வெளியே போய்விட்டார்கள் என்று பின்னால் சொன்னான். குளிப்பாட்டியதைப் பார்த்தான். வாய்க்கரிசி போடும்போது அவன் பங்குக்கும் நான் போட்டேன், "இது ஒன்னோடதுடா" என்று சொல்லிவிட்டுப் போட்டேன், அவன் அங்கே கையைக் கூப்பிக்கொண்டிருந்தான். இதெல்லாம் அந்தப் போன் இல்லாவிட்டால் அவனுக்குக் கிடைத்திருக்காது. எங்கள் சின்ன தாத்தா பர்மாவில் இருந்தபோது அவருடைய அம்மா இறந்த செய்தி தபாலில் போய்ச் சேர்ந்து, அவர் ஆற்றங்கரையில் தனியாக மொட்டை போட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். அந்த நிலையோடு ஒப்பிட்டால் தம்பி அப்பா பக்கத்தில் இருந்தான் என்றே சொல்வேன்.

பாடையைத் தூக்கும்போது படம் நின்றுவிட்டது. பறை முழங்க ஆரம்பித்து, அம்மா ஓடிவந்து விழ, பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி முடித்து, நாலு பேரும் குனிந்து தூக்கிய அந்த நேரம். என் பக்கம் எனக்குத் தெரியவில்லை, நான் அழுதுகொண்டே பிடித்துக்கொண்டிருந்தேன். தம்பிக்குத் திரையில் பந்தல் காலில் கட்டியிருந்த வாழை இலை மட்டும் அசையாமல் நின்றதாம். திரும்பி வந்தபோது வாசல் காலியாக இருந்தது, யாரோ சாணித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நாற்பது வினாடி இருக்கும் என்றான். சுடுகாட்டுப் பக்கம் டவரே கிடையாது, அதனால் அவன் பார்த்தது அத்தோடு சரி.

இது ஏன் இப்படி என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இணையத்தில் குரல் சின்னச் சின்னப் பொட்டலங்களாக நறுக்கப்பட்டுப் போகிறது. ஒரு பொட்டலத்தில் பெரும்பாலும் ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்குப் பேச்சு. படமும் இப்படித்தான் துண்டு துண்டாகப் போகும். ஒரு கடிதமோ போட்டோவோ இணையத்தில் போகும்போது ஏதாவது துண்டு தொலைந்தால், 'எனக்கு வரவில்லை, திரும்ப அனுப்பு' என்று இந்தப் பக்கம் கேட்கும், அந்தப் பக்கம் திரும்ப அனுப்பும். அழைப்பில் பெரும்பாலும் அப்படிக் கேட்பதில்லை. பேச்சு என்பது அந்தந்த நொடிக்கானது, தாமதமாக வரும் துண்டால் பயனில்லை, போனது போகட்டும் என்று விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிப்பதுதான் அதன் முறை. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்ச் சேர 150 மில்லி வினாடிக்கு மேல் ஆகாமல் இருந்தால் நல்லது என்று ஒரு வரையறை இருக்கிறது. அதற்கு மேல் போகப் போக இருவரும் ஒருவர் பேச்சில் ஒருவர் விழ ஆரம்பிப்பார்கள். அதனால் வேகம்தான் முக்கியம், எல்லாம் வந்து சேர்வது அடுத்ததுதான். அந்தக் கணக்கு சரியானதுதான். வேறு எப்படிச் செய்தாலும் பேசவே முடியாது.

சரி, ஆனால் அந்த நாற்பது வினாடி திரும்ப வராதே. அடுத்த வருடம் தம்பி ஊருக்கு வந்தபோது, ஒருநாள் இரவு திண்ணையில் உட்கார்ந்து கேட்டான். "அக்கா, தூக்குனப்ப என்ன நடந்துச்சு?" நான் சொன்னேன். யார் யார் தூக்கினார்கள், தலைப்பக்கம் யார், அம்மாவை யார் பிடித்தது, எந்தப் பக்கம் திரும்பினார்கள், அப்பாவின் வலது கால் பெருவிரலில் கட்டிய துணி லேசாக அவிழ்ந்திருந்தது என்பது வரைக்கும். அவன் ஒன்றும் பேசாமல் கேட்டான். சொல்லி முடித்ததும், "திரும்பச் சொல்லு" என்றான்.

மணி அடிப்பது என்றால் என்ன

இப்போது அம்மா விழுந்த இரவுக்குத் திரும்ப வருகிறேன். எங்கள் வீட்டில் லேண்ட்லைன் இருந்தது. அப்பா கல்ஃபிலிருந்து வருவதற்கு முன்பே அம்மா எழுதிப்போட்டுக் காத்திருந்து வாங்கியது. கரண்ட் போனாலும் அது பேசும், ஏனென்றால் அதற்கான மின்சாரம் நம் வீட்டிலிருந்து போவதில்லை, எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பேட்டரியிலிருந்து அதே கம்பியில் 48 வோல்ட்டாக வருவது. சார்ஜ் போட வேண்டாம், ரீசார்ஜ் பண்ண வேண்டாம், நாம் எதையும் ஆன் செய்து வைக்க வேண்டாம். ரிசீவர் சரியாக வைத்திருந்தால் போதும், மணி அடிக்கும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து எல்லாம் மலிவானதும், மாத வாடகை எதற்குத் தண்டமாக என்று 2017இல் அதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது நான்தான். அப்பா அரை மனதோடுதான் எழுதிக் கொடுத்தார். அடிக்கடி ரிப்பேரும் ஆனது, அதையும் சொல்ல வேண்டும். 2018இல் கஜா புயல் வந்தபோது எங்கள் பக்கம் கம்பம் எல்லாம் சாய்ந்து கிடந்தது, லேண்ட்லைன் இருந்திருந்தாலும் அந்த நாட்களில் உதவியிருக்காது. டவரும் இல்லை, கரண்டும் இல்லை, ஆள் வந்து சொல்லித்தான் அம்மா அப்பா நன்றாக இருக்கிறார்கள் என்று தெரிந்தது. எனவே பழையதெல்லாம் பொன் என்று சொல்ல நான் வரவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். பழைய போனில் கூப்பிடுகிறவர் மட்டும் முயற்சி செய்தால் போதும், எடுக்கிற பக்கம் எதையும் தயாராக வைத்திருக்க வேண்டியதில்லை. இணைய அழைப்பில் இரண்டு பக்கமும் தயாராக இருந்தால்தான் மணியே அடிக்கும். டேட்டா வேண்டும், செயலி வேண்டும், பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று போன் அந்தச் செயலியைத் தூங்க வைத்துவிடாமல் இருக்க வேண்டும். பகலில் இதெல்லாம் தானாக அமைந்துவிடுவதால் நமக்குத் தெரிவதே இல்லை. இரவு இரண்டே முக்காலுக்குத்தான் தெரிகிறது.

இதில் இன்னொரு வேதனை, உள்நாட்டுக்குள் பேச இணைய அழைப்பு தேவையே இல்லை. அம்மாவின் ரீசார்ஜ் பேக்கிலேயே சாதாரண அழைப்பு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் என்றுதான் இருக்கிறது. இத்தனைக்கும் இன்றைக்கு 4ஜியில் போகிற சாதாரண அழைப்பும் உள்ளே பொட்டலம் பொட்டலமாகத்தான் போகிறது, ஆனால் அதற்கென்று கம்பெனி தனிப்பாதை ஒதுக்கி வைத்திருக்கிறது. வாட்ஸ்அப் அழைப்போ வீடியோ, படம், டவுன்லோட் என்று எல்லாம் நெருக்கியடித்துப் போகிற பொதுப்பாதையில் போகிறது. தம்பியோடு பேச வேறு வழியில்லை. என்னோடு பேச இருந்தது. பழக்கத்தால் தாம்பரத்துக்கும் ஷார்ஜாவுக்கும் ஒரே வழியைக் காட்டிக் கொடுத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் இதை ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பார்த்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த பாட்டிக்கும் அப்படித்தான், பேரன் படத்தைத் தொட்டால் கால் போகும், நம்பர் ஒன்றுகூடத் தெரியாது. "நம்பர் எதுக்கு, அதான் மூஞ்சி இருக்கே" என்றார். நமக்கே எத்தனை நம்பர் மனப்பாடம்? எதிர் வீட்டு பி.பி. நம்பர் எனக்கு இன்றைக்கும் வரும். தம்பியின் ஷார்ஜா நம்பர் வராது. என் நம்பரை அம்மாவுக்கு நான் ஒருதடவைகூடச் சொல்லிக் கொடுத்ததில்லை.

முகம் தெரிகிறது என்பதாலேயே நம்பிவிடுகிற இன்னொரு ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். போலீஸ் உடுப்பில் வீடியோ காலில் வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டிப் பணம் பறிப்பதை 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் எச்சரிக்க வேண்டிய அளவுக்குப் போய்விட்டது. அப்படி ஒரு சட்டமே கிடையாது என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், வந்தால் வைத்துவிட்டு எனக்குச் சொல், சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குச் சொல்லலாம் என்று. இப்போது அவள் தெரியாத வீடியோ கால் எதையும் எடுப்பதில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுத்தேன். பெரிய எழுத்து, வெளிச்சம் நன்றாக வரும், அதிலும் டார்ச் இருக்கிறது. 2ஐ அழுத்திப் பிடித்தால் நான். 3 எதிர் வீட்டு அக்கா. 4 பால்காரப் பெண், அவளே தன் நம்பரைப் போடச் சொன்னாள். 108ஐ மட்டும் கையால் போடப் பழக்கினேன், ஒன்று, சைபர், எட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்துப் போடும் வரைக்கும். என் நம்பரையும் மனப்பாடம் செய்ய வைத்தேன். பேரன் அவளைப் பாடம் ஒப்பிக்க வைக்கிற மாதிரி வீடியோவில் உட்கார்ந்து ஒப்பிக்க வைத்தான், ஒரு வாரத்தில் வந்துவிட்டது. என் வீட்டில் ரவுட்டரை இப்போது இரவில் அணைப்பதில்லை. அம்மாவின் ஸ்மார்ட் போனில் அந்தப் பச்சைப் படத்தை மறுபடி முதல் திரைக்குக் கொண்டுவந்து வைத்தேன்.

பட்டன் போன் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "இதுல என்னா தெரியுது, வெறும் கொரலு" என்று ஓரமாக வைத்துவிட்டாள். குரலைக் கேட்க எதிர் வீட்டுக்குப் புடவை மாற்றிக்கொண்டு போனவள்தான் இதைச் சொல்கிறாள். எனக்கு முதலில் வருத்தமாக இருந்தது, அப்புறம் யோசித்தால் சரியாகத்தான் சொல்கிறாள் என்று பட்டது. பதின்மூன்று வருடம் வெறும் குரலோடு குடும்பம் நடத்தியவளுக்கு இப்போது முகம் வேண்டும். அதைக் கேட்பதற்கு அவளைவிட யாருக்கு உரிமை? அதனால் நாங்கள் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குள் நடக்க ஆரம்பித்ததிலிருந்து இது தவறாமல் நடக்கிறது.

இரவு ஒன்பது மணிக்குச் சாதாரண மணி அடிக்கும். எடுத்தால், "வருதா?" என்பாள். "வருதும்மா" என்பேன். உடனே வைத்துவிடுவாள். பட்டன் போனைச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொள்கிற நேரம், ஒரு நிமிடம் ஆகும். அப்புறம் வாட்ஸ்அப்பில் வீடியோ வரும், நெற்றிதான் முதலில் தெரியும், கொஞ்சம் கொஞ்சமாகப் போனை இறக்கி முகத்தைக் கொண்டுவருவாள், பின்னால் ஊஞ்சல் ஆடும், "எங்க என் பேரன், அவன் மூஞ்சியக் காட்டு" என்பாள்.